மண்ணைப் போட்டு மூடினால் வாயு போய்விடாது

எங்கள் ஊர்க் குப்பைமேடு பற்றி நடந்த கூட்டத்து வீடியோவை எல்லோரும் பார்த்திருப்பீர்கள், நான் திரும்பப் பகிரவில்லை. குப்பைமேட்டை மண்ணால் மூடிப் பூங்கா கட்டப் போகிறோம் என்றார்கள். நல்லது. உள்ளே இருக்கிற வாயுவை என்ன செய்வீர்கள், குழாய் வைத்து எடுக்கலாமே என்று ஒரு தம்பி கேட்டான். மேசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். "குப்பையில கரண்ட் எடுக்கப் போறாராம்." அந்தச் சிரிப்பை நினைத்தால் எனக்கு நித்திரை வருகுதில்லை.

நாம் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் அந்த வாயு வரத்தான் போகிறது. நம் வீட்டுக் குப்பையில் பாதிக்கு மேல் சோறும் மீன் கழிவும் மரக்கறித் தோலும்தான். காற்றுப் படாமல் அமுங்கி அழுகினால் மீதேன் என்ற எரிகிற வாயு வரும், கிட்டத்தட்ட அதே அளவு காபனீரொட்சைட்டும் வரும், கூடவே அழுகின முட்டை மணத்தோடு கொஞ்சம் ஐதரசன் சல்பைட்டும் வரும். நூறு வருடக் கணக்கில் பார்த்தால் மீதேன் காபனீரொட்சைட்டை விட ஏறக்குறைய 28 மடங்கு சூடேற்றும். மாரியில் மேட்டோரம் தேங்கி நிற்கும் கறுப்புத் தண்ணீரைப் போய்ப் பாருங்கள். அடுப்பில் வைத்த உலை மாதிரிக் குமிழி விட்டுக்கொண்டே இருக்கும்.

மண் போட்டால் அது நின்றுவிடுமா? மேலே வழியில்லை என்றால் பக்கவாட்டில் போகும். இங்கிலாந்தில் லோஸ்கோ என்ற ஊரில் இப்படி மூடிய மேட்டிலிருந்து வாயு நிலத்துக்குள்ளால் போய், 1986 மார்ச்சில் ஒரு வீடு வெடித்துத் தரைமட்டமானது. மூன்று பேருக்குக் காயம். அன்றைக்குக் காற்றழுத்தம் சடாரென்று இறங்கி, மண்ணுக்குள் அடைந்த வாயு வெளியே கிளம்பியதும் ஒரு காரணம். தாழமுக்கம் என்றால் என்னவென்று மட்டக்களப்பு ஆட்களுக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை, கார்த்திகை மார்கழியில் அது நம் வீட்டு வாசலுக்கு வரும்.

எடுப்பது மந்திரமும் இல்லை. துளை போட்ட குழாய்களை மேட்டுக்குள் இறக்கி, மேலே களிமண் மூடி, மெதுவாக உறிஞ்ச வேண்டும். அளவுக்கு மேல் இழுத்தால் வெளிக்காற்று உள்ளே போய் அடியில் நெருப்புப் பிடிக்கும், ஆகவே தெரிந்த ஆள் வேண்டும். சுத்தம் செய்த வாயுவில் ஜெனரேட்டர் ஓடும். அதற்குக் காணாது என்றால் குழாய் முனையில் எரித்துவிடலாம், அப்போதும் மீதேனாக வெளியே போகாது.

2022இல் காஸ் தட்டுப்பாட்டில் ஊரே வெறும் சிலிண்டரைச் சங்கிலி போட்டுக் கட்டிவிட்டு வீதியில் படுத்துக் கிடந்தபோது, படுவான்கரையில் என் மாமி வீட்டில் பிளேன்ரீ கொதித்தது. மாட்டுப்பட்டிக்குப் பின்னாலுள்ள சாணித் தொட்டி வாயுவில். நீலச் சுவாலை, பானையின் அடியில் ஒரு பொட்டுக் கரி இல்லை. அதுவும் இதே மீதேன்தான். அப்போது மாமியைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை, பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குப் பால் காய்ச்ச அங்கேதான் வந்தார்கள்.

எங்கள் மேடு சின்னது, ஊருக்கே வெளிச்சம் தராது என்பீர்கள். சரி. ஊருக்கே கரண்ட் என்று நான் எங்கே சொன்னேன்? கொழும்புக்குப் பக்கத்தில் கெரவலப்பிட்டியில் 2021இல் தொடங்கியதுதானே இது என்கிறார்கள் சிலர். இல்லை, அது குப்பையையே எரிக்கும் 10 மெகாவாட் நிலையம், இது வேறு வேலை. குப்பையைத் தரம் பிரித்தால் போதும் என்கிறவர்களோடு எனக்குச் சண்டையே இல்லை, பிரியுங்கள். ஆனால் வருடக்கணக்காகப் புதைந்து கிடப்பதை யார் தோண்டிப் பிரிக்கப் போகிறார்கள்? காசு? பூங்காவுக்குக் காசு வந்த இடத்தில் போய்க் கேளுங்கள்.

அரசியல் செய்கிறேன் என்றும் எழுதுவீர்கள். எழுதுங்கள். மேட்டில் நெருப்புப் பிடிக்கிற இரவுகளில் என் அம்மாவுக்குத் தொய்வு வரும். யன்னல் எல்லாம் அடைத்து, சீலையை நனைத்துக் கட்டி, தலையணையில் சாய்ந்து விடியும் வரை இருப்பா. பவுசர் வந்து தண்ணீர் அடிக்கும், இரண்டு நாளில் வேறு மூலையில் புகை கிளம்பும். அம்பாறை பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் பிளாஸ்டிக் தின்று செத்த யானைகளின் படம் உலகம் பூராவும் போனது. மீத்தொட்டமுல்லையில் 2017 சித்திரைப் புத்தாண்டு அன்று மேடு சரிந்து 32 பேர் செத்த பிறகுதான் கொழும்பே திரும்பிப் பார்த்தது. குப்பைமேட்டுக்குப் பக்கத்தில் எப்போதும் இருப்பது யார்? சிரித்தவர்களின் வீடுகள் அங்கே இல்லை.

முதல் லோட் மண் கொட்டுவதற்கு முன்னால் ஒரு மீற்றரைக் கொண்டுவந்து வாயுவை அளந்து, அந்தக் கணக்கை எல்லோருக்கும் தெரிகிற இடத்தில் ஒட்டுங்கள். காற்றில் மீதேன் 5 முதல் 15 சதவீதம் கலந்தால் ஒரு பொறி போதும். அளக்க மனமில்லை என்றால் அங்கே பிள்ளைகளுக்கு ஊஞ்சல் கட்டாதீர்கள்.