இருபத்தொண்ணு புள்ளி ஒண்ணுக்குக் காசு, இருபது புள்ளி ரெண்டுக்கு மெடல்

இன்னிக்குக் காலைல, ரேஸ் நடத்தறவங்க கிட்ட இருந்து ஒரு மெயில். "வாழ்த்துகள் சாம்பியன்! உங்கள் ஓட்ட ஆண்டு இதோ!" கலர் கலரா ஒரு கார்டு, நடுவுல என் போட்டோவாம். போட்டோல முக்கால்வாசி யாரோ ஒரு மஞ்சள் பனியன் மாமாவோட முழங்கை. முழங்கைக்குப் பின்னாடி அரைக் காது தெரியுது, அதான் நான். சரி, காது வரைக்குமாவது கவர் பண்ணாங்களேன்னு விட்டிருப்பேன். அதுக்குக் கீழே தங்கக் கலர் எழுத்து: "இந்த ஆண்டின் உங்கள் பெர்சனல் பெஸ்ட்: ஹாஃப் மராத்தான், 2 மணி 9 நிமிடம்." இந்த வருஷம் நான் ஓடினதுலயே வேகமான ஹாஃப் அதுதானாம். அதுக்கும் கீழே சிவப்புப் பட்டன். அடுத்த வருஷத்துக்கு ஏர்லி பேர்ட், அதாவது முன்கூட்டியே பணம் கட்டறவனுக்குத் தள்ளுபடி, திறந்தாச்சாம், இன்னிக்கு ராத்திரி 12 மணி வரைக்கும்தானாம். அஞ்சு ஸ்டார் ரிவ்யூ போட்டா இன்னும் பத்து பர்சென்ட் தள்ளுபடியாம்.

ரிவ்யூதானே வேணும்? இந்தா.

அந்த 2.09 எந்த ரேஸ்ல வந்ததுன்னு அன்னிக்கு ஈ.சி.ஆர்.ல ஓடின எல்லாருக்கும் தெரியும். அஞ்சு மணி ஸ்டார்ட்னு போட்டிருந்தான். நாம நாலேகாலுக்கே போய், செருப்பு சைஸ்ல ஃபோன் வெச்சிருக்கற கும்பலோட வரிசைல நின்னு, மொபைல் டாய்லெட்டை முடிச்சுட்டு வந்து நின்னா, அஞ்சுக்குத் துப்பாக்கி வெடிக்கலை. ஸ்பீக்கர்தான் வெடிச்சுது. ஜும்பாவாம். இருபத்தொரு கிலோமீட்டர் ஓட வந்தவனை இருட்டுல கையைத் தூக்கிக் குதிக்கச் சொல்றான் ஒருத்தன். எதுக்குடா, ஸ்டார்ட்லயே எனக்குத் தொடை பிடிச்சுக்கணுமா? அப்புறம்தான் விஷயம் தெரிஞ்சுது, கொடியசைக்க வேண்டிய சீஃப் கெஸ்ட் இன்னும் வரலை. வந்தார், அஞ்சரைக்கு மேல. மாலை போட்டாங்க, பொன்னாடை போட்டாங்க, உடல்நலத்தைப் பத்தி நாலு வார்த்தை பேசினார். இந்த ஊர்ல அஞ்சு மணிக்கும் அஞ்சரைக்கும் என்ன வித்தியாசம்னு ஓடறவனுக்குத்தான் தெரியும். காத்துல ஏற்கெனவே ஈரம் முட்டிக்கிட்டு நிக்குது, வேர்வை ஆவியாகாம அப்படியே முதுகுல வழியும். அதுல கடைசி அஞ்சு கிலோமீட்டரையும் வெயிலுக்கு எழுதி வெச்சுட்டார் அந்தப் புண்ணியவான். எல்லாம் ஆன பிறகு அவர் ஏ.சி. கார்ல ஏறிப் போயிட்டார்.

இதையெல்லாம்கூட மன்னிச்சுட்டேன். உண்மையாவே.

கிலோமீட்டர் போர்டு இருக்கே, அதுல ஆரம்பிச்சுது. ஏழு வந்துது. வாட்ச்ல அறுநூறு மீட்டர்கூட ஆகலை, எட்டு வந்து நிக்குது. சரி, போர்டு நட்டவன் தூக்கக் கலக்கத்துல நட்டிருப்பான். ஒன்பது வரவே இல்லை. பத்து வரலை. பத்துக்குப் பதிலா யூ-டர்ன் வந்துது. ஒரே ஒரு ஆரஞ்சு கோன், பக்கத்துல காலேஜ் பையன் ஒருத்தன், கழுத்துல வாலண்டியர் கார்டு. வாட்சைப் பாக்கறேன், 10.1. எனக்கு முன்னாடி ஓடின அக்கா நின்னுட்டாங்க. "தம்பி, இங்கயேவா திரும்பணும்?" "ஆமாங்க்கா, கோன் இங்கதான் இருக்கு." "நீதான் வெச்சியா?" "இல்லைக்கா, நான் வர்றப்பவே இருந்துது." அந்தப் பையனை நான் திட்ட மாட்டேன். அவனுக்கு என்.எஸ்.எஸ். அட்டெண்டன்ஸ், ஒரு டிபன் பொட்டலம், அவ்வளவுதான். ஆனா அந்தக் கோனை வெச்ச மகராசன் யாரு? டீ குடிக்க எறங்கின இடத்துல அப்படியே வெச்சுட்டுப் போனானா?

திரும்பி வந்தோம். போற வழியும் குறைஞ்சாச்சு, வர்ற வழியும் அதே அளவு குறைஞ்சாச்சு. ஃபினிஷ் கிட்ட வந்தப்ப நடந்ததை நான் சாகற வரைக்கும் மறக்க மாட்டேன். நான் 2.15 பஸ்ல ஓடிட்டிருந்தேன். பஸ்னா தெரியுமில்ல, கொடி கட்டிக்கிட்டு ஒரு பேசர் அண்ணா அளந்த வேகத்துல ஓடுவார், நாம பின்னாடியே தொத்திக்கிட்டுப் போவோம். 2.15-ன்னா கிலோமீட்டருக்கு 6 நிமிஷம் 24 செகண்ட், அவர் கொஞ்சம் கையிருப்பு வெச்சு 6.20-ல இழுத்துக்கிட்டு வந்தார். வளைவு திரும்பறோம், எதிர்ல ஃபினிஷ் வளையம், மேல கடிகாரம் 2.08-ன்னு காட்டுது. பேசர் அண்ணா சட்டுனு நின்னுட்டார். அவரோட பிழைப்பே 2.15-ஐ ஒட்டி, அரை நிமிஷம் முன்னாடி போய்ச் சேர்றதுதான். ஏழு நிமிஷம் முன்னாடி போனா ஊரே சிரிக்கும். கடிகாரத்தைப் பாக்கறார், கையைப் பாக்கறார், கொடியைப் பாக்கறார். அவர் நின்னதும் பின்னாடி வந்த பஸ்ஸே நின்னுடுச்சு. மூச்சு வாங்கிக்கிட்டு ஒரு கும்பல், கோட்டுக்கு அம்பது மீட்டர் இந்தப் பக்கம், என்ன பண்றதுன்னு தெரியாம ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாத்துக்கிட்டு நிக்கறோம். ஸ்பீக்கர்ல ஒருத்தன் அலர்றான், "கமான் சென்னை, டோன்ட் கிவ் அப்!" அண்ணா கடைசில, "நீங்க போங்கப்பா, நான் நின்னுட்டு வரேன்"னார். நாங்க போனோம். அவர் அங்கேயே கொடியைப் பிடிச்சுக்கிட்டு, போற வர்றவனுக்கெல்லாம் கை தட்டிக்கிட்டு நின்னார்.

நேரா ஹெல்ப் டெஸ்க். வாட்சைக் காட்டினேன், 20.2.

"சார், அது உங்க ஜி.பி.எஸ். பிராப்ளம். மரம் நிறைய இருந்தா சிக்னல் கட் ஆகும்."

ஈ.சி.ஆர்.ல மரம்! எங்கப்பா இருக்கு, காட்டு, அடுத்த வாட்டி வெயிலுக்கு ஒதுங்கறேன்.

"நீங்க ஒருத்தர்தான் சார் கம்ப்ளெய்ன்ட் பண்றீங்க." எனக்குப் பின்னாடி பத்து பேர், பத்து பேரும் மணிக்கட்டை நீட்டிக்கிட்டு நிக்கறான்.

"ரூட்டை யார் அளந்தாங்க?" "எங்க டீம் அளந்துது சார்." "எதுல அளந்துது?" "கார்ல." "கார்ல எதுல?" "அதான் சார், கார்ல கிலோமீட்டர் காட்டுமே."

அதுக்கப்புறம் சொன்னான் பாருங்க, "சார், டைம் நல்லாத்தானே வந்திருக்கு? சந்தோஷப்படுங்க சார்."

பவுனுக்குக் காசு வாங்கிக்கிட்டு ஏழரை கிராம் நிறுத்துக் குடுத்துட்டு, "வெயிட் கம்மிதானே, கழுத்து வலிக்காது, சந்தோஷப்படுங்க"ன்னா நகைக்கடைல சும்மா வருவோமா?

வாட்ச் கணக்கைக் கேளுங்க. ஹாஃப்னா 21.0975 கிலோமீட்டர். ஒழுங்கா அளந்த ரூட்ல ஓடினா நம்ம வாட்ச் 21.2, 21.3-ன்னு கூடத்தான் காட்டும். ஏன்னா அளக்கறவன் வளைவுக்கு வளைவு ஓரத்துல இருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி, இருக்கறதுலயே குட்டையான கோட்டைப் பிடிச்சு அளப்பான். நாம கும்பல்ல வளைஞ்சு, தண்ணி ஸ்டாண்டுக்கு ஒதுங்கி, குழிக்கு விலகி ஓடுவோம். ஜி.பி.எஸ். தப்பு பண்ணும், இல்லைங்கலை. ஆனா பத்து கம்பெனி வாட்சும் ஒரே நாள்ல, ஒரே ரோட்ல, ஒரே 900 மீட்டரை முழுங்குமா?

அளக்கறதும் ராக்கெட் விடற வேலை இல்லை. ஒரு சைக்கிள். முன் சக்கரத்துல ஜோன்ஸ் கவுண்டர்னு ஒரு சின்னப் பொட்டி, சக்கரம் சுத்தற கணக்கை எண்ணும். முதல்ல ஸ்டீல் டேப்ல ஒரு நேர்த் துண்டு அளந்து வெச்சு, அதுல சைக்கிளை ஓட்டி, எத்தனை எண்ணுக்கு எத்தனை மீட்டர்னு கண்டுபிடிக்கணும். வெயில் ஏறினா டயர் காத்து மாறும்னு, முழுசா அளந்து முடிச்சப்புறம் திரும்பவும் அந்தத் துண்டுல ஓட்டிச் சரி பாக்கணும். கடைசில கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் கூடவே சேர்த்து வெப்பாங்க. எப்பாடு பட்டாவது தூரம் குறையக் கூடாது, அவ்வளவுதான் நோக்கம். ஒரு சைக்கிள், ஒரு விடிகாலை, ரெண்டு ஆளு. இவங்க அந்த ஜும்பா டி.ஜே.வுக்குக் குடுத்த காசுல இருபது தடவை அளந்திருக்கலாம்.

வெளிநாட்டுக்காரனும் சொதப்பறான், அது எனக்கும் தெரியும். மான்செஸ்டர் மராத்தான் 2013, 14, 15 மூணு வருஷமும் 380 மீட்டர் குறைச்சல்னு பின்னாடி தெரிய வந்துது, மூணு வருஷ டைமும் செல்லாதுன்னுட்டாங்க. கிளாஸ்கோல 2016 ஹாஃப் 150 மீட்டர் கிட்ட குறைஞ்சுது, அதுல ஸ்காட்லாந்து ரெக்கார்டு போட்ட கேலம் ஹாக்கின்ஸ்ங்கற ஓட்டக்காரர் ரெக்கார்டையே பறிகொடுத்தார். 2021-ல பிரைட்டன் மராத்தான் 568 மீட்டர் கூட. பாங்காக்ல 2015-ல ஹாஃப் ஓடப் போனவனை 27 கிலோமீட்டர் ஓட விட்டாங்க, தள்ளி வெச்ச யூ-டர்ன் புண்ணியத்துல. ஆனா அங்கெல்லாம் வாயைத் திறந்து, ஆமா, தப்பாயிடுச்சுன்னு சொன்னாங்க. இங்கே எனக்குத் தங்க எழுத்துல பெர்சனல் பெஸ்ட். மத்ததெல்லாம் தர்றாங்க. பனியன், பை, எனர்ஜி டிரிங்க் சாம்பிள், பாங்க்கோட லோன் நோட்டீஸ், ஜும்பா, செல்ஃபி ஸ்டாண்டு, அரைக் கிலோ மெடல், எல்லாம். நான் காசு குடுத்தது தூரத்துக்கு. அதை மட்டும் தர மாட்டாங்க.

மத்த ரேஸ் எல்லாம் எப்படின்னா, ஜனவரி பெரிய மராத்தானைக் குறை சொல்ல மாட்டேன். விடிகாலை இருட்டுல நேப்பியர் பாலத்துல கால் வைக்கறப்ப, மெரினா பக்கத்துல இருந்து ஒரு காத்து வரும் பாருங்க, அதுக்கே குடுத்த காசு சரியாப் போச்சு. ரோட்டையும் உண்மையாவே அடைச்சிருந்தாங்க. பிப்ரவரில ஆரோவில். செம்மண் பாதை, மரம் (ஹெல்ப் டெஸ்க் தம்பி, மரம்னா அதுதான்), போட்டியும் இல்லை, பரிசும் இல்லை. அங்கே முன்ன பின்ன இருந்தாக்கூட எவன் கேக்கப் போறான், அவங்க நேரத்தை விக்கலையே.

ஓ.எம்.ஆர்.ல ஒண்ணு ஓடினேன். பாதி ரோடு நமக்கு, பாதி ரோடு ஷேர் ஆட்டோவுக்குன்னு ஒப்பந்தம். ஷேர் ஆட்டோவுக்கு யாரும் அதைச் சொல்லலை. 14-வது கிலோமீட்டர் தண்ணி ஸ்டாண்டுல தண்ணி இல்லை, காலி கேன் மட்டும் உருளுது. அதே நேரம் என்னை உரசிக்கிட்டு ஒரு தண்ணி லாரி, பின்னாடி சொட்டச் சொட்ட, ரோடு முழுக்க எறைச்சுக்கிட்டுப் போகுது. வாயைத் திறந்துக்கிட்டு அது பின்னாடியே ஓடலாமான்னு நெஜமாவே யோசிச்சேன். மூச்சிரைக்க ஃபினிஷ் பண்ணிட்டு, பிப்ல, அதான் நெஞ்சுல குத்திக்கற நம்பர் அட்டைல, கிழிக்கற டிபன் டோக்கனை நீட்டினா, "பொங்கல் முடிஞ்சுடுச்சு சார், ஃபைவ் கே குடும்பமெல்லாம் முன்னாடியே வந்துட்டாங்க." கேசரி இருக்காம். ஹாஃப் ஓடிட்டு வந்த வயித்துக்குக் கேசரி!

கோயமுத்தூர்ல குளிர் நல்லா இருந்துது. ஆனா அந்த ஊர் வாலண்டியருங்க மரியாதையைத் தாங்க முடியலை. "இன்னும் கொஞ்சந்தானுங்க"ன்னான் ஒருத்தன். அப்ப ஒன்பது கிலோமீட்டர் பாக்கி.

மழை சீசன் ரேஸ் ஒண்ணு, முதல் நாள் ராத்திரி பதினோரு மணிக்குக் கேன்சல். மழைக்கு யாரையும் குத்தம் சொல்ல முடியாது, ஆனா காசு? ரீஃபண்ட் கிடையாதாம். பத்து நாள் கழிச்சுக் கூரியர் வந்துது. பிரிச்சா ஃபினிஷர் மெடல். ஓடாத ரேசுக்கு! ஸ்டார்ட்டே பண்ணலை, ஃபினிஷர்! அந்த மெடல்தான் இருக்கறதுலயே கனமானது.

பனியன் கதையையும் சொல்லிடறேன். பீரோ நிறைய பாலியெஸ்டர். முதுகுல முப்பது ஸ்பான்சர் பேரு, போட்டா நடமாடற ஃப்ளெக்ஸ் பேனர். பழைய பருத்திச் சட்டைன்னா வீடு துடைக்கவாவது ஆகும். இது தண்ணியை உறிஞ்சாது, தரையில இருக்கற தண்ணியை இந்த மூலையில இருந்து அந்த மூலைக்குத் தள்ளிக்கிட்டுப் போகும். வேலைக்கு வர்ற அக்கா, "இந்தத் துணியைக் குடுக்கறதா இருந்தா நான் வரலை"ன்னுட்டாங்க.

இவ்வளவும் டைப் பண்ணிட்டு, அந்தப் பேசர் அண்ணாவுக்குக் கார்டை அனுப்பி, உங்களுக்கு என்ன வந்துதுன்னு கேட்டேன். அவர் அவரோடதை அனுப்பினார். "துல்லியமான பேசர்! இலக்கு 2.15, முடித்த நேரம் 2.14.50." ஆறேழு நிமிஷம் கோட்டுக்கு முன்னாடி ஒரே இடத்துல நின்னு கை தட்டினாரே, அதுக்கு. அந்த ரேஸ்லயே சரியா அளந்த ஒரே ஐட்டம் அவர் சும்மா நின்ன நேரம்தான். ஆபீஸ்ல உக்காந்துக்கிட்டுச் சிரிச்ச சிரிப்புல பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து வந்து, "என்ன சார், இன்க்ரிமென்ட்டா?"ன்னு கேட்டுட்டுப் போனார்.

அப்புறம், இது வேற விஷயம், ஆனா சொல்லியே ஆகணும். ஓடி முடிச்சுட்டு வழில இளநீர் குடிக்கலாம்னு வண்டியை நிறுத்தினா, எண்பது ரூபாய்ங்கறான். எண்பது! ரெண்டு மடக்குல ஸ்ட்ரா சர்ருங்குது. வழுக்கை இருந்தா வெட்டிக் குடுங்கண்ணேன்னா, "வழுக்கைக் காய் வேற சார், இது தண்ணிக் காய்"ங்கறான். தண்ணிக் காய்ல தண்ணி எங்கய்யா?