ஐந்தாவதாக வருகிறவள்

அமெரிக்காவில் என் மகள் படித்த கல்லூரியின் க்ராஸ் கண்ட்ரி கோச் இந்த வருஷத்தோடு ஓய்வு பெறுகிறார். இருபத்தாறு வருஷம், ஒரே கல்லூரி. போன வாரம் இங்கே ஒரு நண்பர் வீட்டில் கூடியிருந்தபோது இதைச் சொன்னேன். ஒருவர் உடனே கேட்டார்: "எத்தனை தடவை நேஷனல்ஸ் ஜெயிச்சிருக்கார்?" ஒரு தடவைகூட இல்லை என்றேன். "அப்ப இருபத்தாறு வருஷமா என்னதான் பண்ணிட்டு இருந்தார்?" என்று சிரித்தார். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது. சாப்பாட்டு நேரத்தில் வாதாட வேண்டாம் என்று விட்டுவிட்டேன். அன்று சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

க்ராஸ் கண்ட்ரி என்பது புல்லிலும் மேடு பள்ளத்திலும் ஓடும் நீண்டதூர ஓட்டப் போட்டி. தெரியாதவர்களுக்கு முதலில் மார்க் போடும் விதம். ஒரு டீமில் ஏழு பேர் ஓடுவார்கள். முதலில் வரும் ஐந்து பேர் பிடித்த இடங்களைக் கூட்டினால் அதுதான் டீமின் மார்க். குறைந்த மார்க் ஜெயிக்கும். ஆறாவது, ஏழாவது ஆளின் இடம் கணக்கில் சேராது. ஆனால் எதிர் டீமின் ஐந்தாம் ஆளுக்கு முன்னால் அவர்கள் வந்துவிட்டால், எதிராளியின் மார்க் ஏறும். ஒன்றிலிருந்து ஐந்து வரை எல்லா இடமும் ஒரே டீமுக்கு என்றால் பதினைந்து. அதற்குக் கீழே போக முடியாது.

இப்போது யோசித்துப் பாருங்கள். உங்கள் நட்சத்திர ஓட்டக்காரி ஐந்தாவதாக வர வேண்டியவள், உயிரைக் கொடுத்து முதலாவதாக வந்துவிட்டாள். லாபம் எவ்வளவு? நாலே நாலு மார்க். உங்கள் ஐந்தாவது ஆளோ நடுக்கூட்டத்தில் ஓடிக்கொண்டிருக்கிறாள். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை மூன்று டிவிஷனாகப் பிரித்திருக்கிறார்கள். முதல் டிவிஷன் தேசியப் போட்டியில் ஓடுகிறவர்கள் ஏறக்குறைய 250 பேர். அந்த நடுக்கூட்டத்தில் பத்து விநாடி பிந்தினால் இருபது முப்பது பேர் தாண்டிப் போய்விடுவார்கள். படம் பேப்பரில் வருவது முதலாவதாக வந்தவளுக்கு. டீமைக் கரையேற்றுவதும் கவிழ்ப்பதும் ஐந்தாவதாக வருகிறவள்.

முதலாவதாக வருகிறவள் பெரும்பாலும் பள்ளியிலேயே தயாராகி வந்தவள். எந்தக் கல்லூரிக்குப் போயிருந்தாலும் வேகமாகத்தான் ஓடியிருப்பாள். ஐந்தாவது ஆளை யாரும் அப்படிக் கொண்டுவந்து கொடுக்க மாட்டார்கள். அவளை அங்கேயே, மூன்று நாலு வருஷம் உட்கார்ந்து உருவாக்க வேண்டும். நம் ஊர் கோச்சிங் சென்டர்கள் முதல் ரேங்க் பிள்ளைகளை மட்டும் சேர்த்துக்கொண்டு, பிறகு அவர்கள் படத்தைப் போட்டுத் தம்பட்டம் அடிக்குமே, அந்த வித்தைக்கும் ஒரு ப்ரோக்ராமைக் கட்டி எழுப்புவதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான். ஒரு கோச்சை எடைபோட என்னிடம் இருக்கும் முதல் தராசு ஐந்தாவது ஆள். இரண்டாவது ஒன்றும் இருக்கிறது, அதற்கு வருகிறேன்.

ஜோ விஜில் என்று ஒருவர். கொலராடோ மாநிலத்தில் அலமோசா என்ற சின்ன ஊர், கடல் மட்டத்திலிருந்து 7,500 அடி. அங்கே பள்ளியில் பயிற்சி கொடுத்துவிட்டு, 1965இல் அதே ஊரின் ஆடம்ஸ் ஸ்டேட் கல்லூரிக்கு வந்தார். உடலியலில் முனைவர் பட்டம் வாங்கியவர். 1992இல் இரண்டாம் டிவிஷன் தேசியப் போட்டியில் அவருடைய டீம் பையன்கள் முதல் ஐந்து இடத்தையும் எடுத்தார்கள். மேலே சொன்ன அந்தப் பதினைந்து! ஒரு சாம்பியனைத் தயார் செய்தவர்கள் எத்தனையோ பேர். அவருடைய ஐந்தாவது ஆள் அன்று நாட்டிலேயே ஐந்தாவது ஆள். கல்லூரியை விட்ட பிறகு அவர் பயிற்சி கொடுத்த டீனா காஸ்டர் 2004 ஏதென்ஸ் மாரத்தானில் வெண்கலம் வாங்கினார். ஆனால் விஜில் என்றால் எனக்கு நினைவுக்கு வருவது அந்தப் பதினைந்துதான்.

அப்புறம் காலம். அயர்லாந்திலிருந்து வந்த ஜான் மெக்டானல் அர்கன்சாஸ் பல்கலைக்கழகத்தில் கோச்சாகச் சேர்ந்தது 1972இல். முதல் தேசியப் பட்டம் 1984இல். 2008இல் ஓய்வு பெறும்போது கணக்கில் நாற்பது பட்டம். எல்லாரும் அந்த நாற்பதைச் சொல்வார்கள். எனக்கு அந்த முதல் பன்னிரண்டு வருஷம்தான் பெரிதாகத் தெரிகிறது. 1980இல் யாராவது, "எட்டு வருஷமா என்ன பண்ணிட்டு இருந்தார்?" என்று கேட்டு வீட்டுக்கு அனுப்பியிருந்தால்?

யூட்டா மாநிலத்தில் மார்மன் திருச்சபை நடத்தும் ப்ரிகம் யங் பல்கலைக்கழகத்தில், சுருக்கமாக பிஒய்யூவில், எட் ஐஸ்டோன் கோச்சாகப் பொறுப்பேற்றது 2000இல், ஆண்கள் அணி ஜெயித்தது 2019இல். அங்கே இன்னொரு சிக்கல்: பையன்களில் பலர் படிப்புக்கு நடுவே இரண்டு வருஷம் மத ஊழியத்துக்குப் போய்விடுவார்கள். முறையான பயிற்சி ஏதும் இருக்காது. கானர் மான்ட்ஸ் கானாவுக்குப் போய்வந்தவர்தான். திரும்பி வந்து க்ராஸ் கண்ட்ரியில் இரண்டு முறை தனிநபர் பட்டம் ஜெயித்தார், 2024 பாரிஸ் ஒலிம்பிக் மாரத்தானில் எட்டாவதாக வந்தார். இப்படிப்பட்டவர்களை வைத்துக்கொண்டு அடுத்த சீசனைப் பற்றி மட்டும் யோசிக்கிற கோச் பைத்தியமாகிவிடுவார்.

அதே பிஒய்யூவின் பெண்கள் அணி கோச் தில்ஜீத் டெய்லர், இந்தியாவிலிருந்து குடியேறிய பெற்றோருக்கு அமெரிக்காவில் வளர்ந்த பெண். நம்மவர் யாராவது இருக்கிறார்களா என்று பட்டியலைத் துழாவும் வியாதி எனக்கும் உண்டு, என்ன செய்ய. 2024 நவம்பரில் ஒரே நாளில் ஆண்கள், பெண்கள் இரண்டு பட்டமும் பிஒய்யூவுக்குப் போனபோது, இங்கே வீட்டில் ஒற்றை ஆளாகக் கத்திக்கொண்டிருந்தேன். பட்டம் வாங்குகிற கோச்சுகளைக் குறைத்துச் சொல்ல இதை எழுதவில்லை என்பதற்காகவும் இதைச் சொல்லி வைக்கிறேன்.

சரி, எங்கள் கோச்சுக்கு வருவோம். மூன்றாம் டிவிஷன் கல்லூரி. விளையாட்டுக்கென்று ஒரு டாலர் ஸ்காலர்ஷிப் கொடுக்கக் கூடாது என்பது அந்த டிவிஷனின் விதி. இலையுதிர் காலத்தில் க்ராஸ் கண்ட்ரி, குளிரில் உள்ளரங்க ட்ராக், வசந்தத்தில் வெளி ட்ராக் என்று மூன்று சீசனும் அவர் தலையில். வேன் ஓட்டுவது அவர். போட்டிக்கு முந்தின நாள் புல்லில் பெயின்ட் அடித்துப் பாதை போடுவதும் அவர்.

என் மகள் சேர்ந்தபோது 22 பெண்களில் பத்தொன்பதாவது. ஆறு கிலோமீட்டருக்கு இருபத்தாறரை நிமிடம். சேருவதற்கு முந்தின கோடையில் அவளுக்கு ஒரு பயிற்சி அட்டவணை வந்தது. வாரத்துக்கு முப்பது மைல் ஓடுகிறாயா, அப்படியே ஓடு, கூட்டாதே என்று அதில் இருந்தது. எனக்கு எரிச்சல். மற்ற கல்லூரிக்குப் போகும் பிள்ளைகள் அறுபது மைல் ஓடுகிறார்களாம், இவர் என்ன தூங்குகிறாரா என்று நினைத்தேன். பிறகு அவரே விளக்கினார். நெஞ்சும் நுரையீரலும் சில வாரத்தில் பழகிவிடும், எலும்புக்கும் தசைநாருக்கும் மாதக்கணக்கில் ஆகும். ஓடுகிறவளுக்கு மூச்சு வாங்காது, அதனால் இன்னும் ஓடுவாள், கணுக்காலுக்கு மேலே எலும்பில் விரிசல் விட்ட பிறகுதான் தெரியும். ஒரேகன் பல்கலைக்கழக கோச் பில் போவர்மன் அந்தக் காலத்திலேயே ஒரு நாள் கடினம், மறுநாள் இலகு என்று வகுத்து வைத்தது இதற்காகத்தான். புதிதாக எதுவும் கண்டுபிடிக்கத் தேவையில்லை. தெரிந்ததை அவசரப்படாமல் செய்ய வேண்டும், அதுதான் யாருக்கும் முடிவதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இது எனக்குச் சங்கடமான விஷயம். கல்லூரி தேடிய காலத்தில் வேறொரு கல்லூரிக்கும் போயிருந்தோம். அங்கிருந்த கோச் என் மகளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, ஐந்து பவுண்டு குறைத்தால் வேகம் தானாக வரும் என்றார். நான் தலையாட்டினேன். பக்கத்தில் நின்ற பதினேழு வயதுப் பெண்ணின் முகத்தைப் பார்க்கத் தோன்றவில்லை எனக்கு. காரில் திரும்பும்போது அவள் ஒரு வார்த்தை பேசவில்லை.

எங்கள் கோச்சோ முதல் வருஷப் பெற்றோர் கூட்டத்தில் எடுத்த எடுப்பிலேயே மாதவிடாய் பற்றிப் பேசினார். என் மனைவி என் முழங்கையை இடித்தாள். "மூன்று மாதம் வரவில்லை என்றால் அவள் பயிற்சியை நிறுத்துவேன், டாக்டரிடம் போகச் சொல்வேன், சாப்பாட்டைப் பார்க்கச் சொல்வேன்" என்றார். ஓடுகிற அளவுக்குச் சாப்பிடாவிட்டால் உடம்பு முதலில் அதைத்தான் நிறுத்தும், ஹார்மோன் குறையும், எலும்பு மெலியும், பிறகு விரிசல். எடை குறைந்த பெண் ஒரு சீசன் பறப்பாள் என்பது உண்மைதான். அந்த ஒரு சீசனுக்காகத்தான் சில கோச்சுகள் அதைச் செய்கிறார்கள். அதற்குப் பிறகு அவள் பெயர் பட்டியலில் இருக்காது.

அதனால்தான் என் இரண்டாவது தராசு: நாலாம் வருஷத்தில் எத்தனை பேர் மிச்சம்? எந்தக் கல்லூரியின் டீம் பட்டியலையும் இணையத்தில் பார்க்கலாம். முதல் வருஷம் பன்னிரண்டு பேர், நாலாம் வருஷம் ஒருத்தி என்றிருந்தால், கோப்பை அலமாரி எவ்வளவு பளபளத்தாலும் உங்கள் பெண்ணை அங்கே அனுப்புவதற்கு முன் மற்ற பதினொருவர் எங்கே போனார்கள் என்று கேளுங்கள்.

இந்த நேரத்தில் முதல் டிவிஷனில் நடப்பதைப் பார்த்தால் வயிற்றைக் கலக்குகிறது. 2025 ஜூனில் நீதிமன்றம் ஒப்புக்கொண்ட உடன்படிக்கைப்படி, பல்கலைக்கழகங்கள் வீரர்களுக்கு நேரடியாகப் பணம் கொடுக்கலாம். அது எப்போதோ வந்திருக்க வேண்டியது, எனக்கு அதில் வருத்தமில்லை. கூடவே ஒரு விதி: அதில் சேர்ந்த பல்கலைக்கழகங்களில் க்ராஸ் கண்ட்ரிக்கு பதினேழு பேர்தான். முன்பு ஸ்காலர்ஷிப்புக்குத்தான் உச்சவரம்பு. சொந்தச் செலவில் வந்து ஓடுகிறவர்களைக் கோச் எத்தனை பேர் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். இப்போது பதினெட்டாவது ஆளுக்கு இடமில்லை. 2018இல் வந்த ட்ரான்ஸ்ஃபர் போர்ட்டல் (கல்லூரி மாற விரும்புகிற வீரர்கள் பெயர் பதியும் இணையப் பட்டியல்) வழியாக வேறு கல்லூரியில் விளைந்ததைப் பறித்துக்கொள்ளவும் வசதி இருக்கிறது. ஐந்தாவது ஆளை யார் வளர்த்துக்கொண்டிருப்பார்கள்? பத்தொன்பதாவதாகச் சேர்ந்தவளின் அப்பன் என்ற முறையில் எனக்கு இந்தக் கணக்கு ஒத்துவரவில்லை.

அவள் நாலாம் வருஷம் டீமின் ஐந்தாவது ஆள். கடைசிப் பிராந்தியப் போட்டிக்கு நானும் என் மனைவியும் போயிருந்தோம். மற்ற கோச்சுகள் முடிவுக்கோட்டின் பக்கம் கூடிவிட்டார்கள். எங்கள் கோச் நாலாவது கிலோமீட்டரில், ஒரு மேட்டின் பின்னால், நாங்கள் தவிர யாரும் இல்லாத இடத்தில் நின்றார். முன்னால் ஓடிய எங்கள் பெண்கள் கடந்தபோது வெறும் கைதட்டல்தான். என் மகள் வந்ததும் கூடவே பத்தடி ஓடிக்கொண்டு, "பச்சை பனியன், வெள்ளை பனியன், ரெண்டு பேரும் அவங்க டீமோட அஞ்சாவது ஆள், போ" என்கிற அர்த்தத்தில் ஆங்கிலத்தில் கத்தினார். யார் எந்த டீமின் ஐந்தாவது ஆள் என்பது அந்த மனிதருக்கு மனப்பாடம். பச்சையைப் பிடித்தாள். வெள்ளையைப் பிடிக்கவில்லை. 23 நிமிடம் 10 விநாடி. டீம் அந்த வருஷமும் நேஷனல்ஸ் போகவில்லை.

புது கோச் யாரென்று போன வாரம் அறிவித்துவிட்டார்கள். இளைஞர், நன்றாகப் பேசுகிறார், மூன்று வருஷத்துக்குள் நேஷனல்ஸ் என்று அறிக்கை விட்டிருக்கிறார். இருக்கட்டும். நான் கல்லூரிப் பக்கத்தைத் திறந்து பட்டியலைப் பார்த்தேன். நாலாம் வருஷப் பெண்கள் ஆறு பேர் இருக்கிறார்கள். மூன்று வருஷம் கழித்து மறுபடி எண்ணிப் பார்க்கிறேன்.