உப்பு போட்டால் செத்த ஈ பிழைக்குமா?

"தண்ணீரில் மூழ்கிச் செத்த ஈ மேல் உப்பைக் கொட்டினால் உயிர் வரும், மனிதருக்கும் இது பொருந்தும்" என்று ஒரு வீடியோ வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. ஈ எழுந்து பறப்பது நிஜம்தான், ஆனால் அது சாகவே இல்லை.

பூச்சிக்கு நுரையீரல் கிடையாது. உடம்பின் இரு பக்கமும் இருக்கும் சுவாசத் துளைகள் வழியே காற்று புகுந்து, கிளை கிளையாகப் பிரியும் மெல்லிய குழாய்களில் போய் நேராகத் திசுக்களையே சேர்கிறது, நடுவில் ஆக்சிஜனைச் சுமக்க இரத்தம் தேவையில்லை. (கரப்பானுக்கு 10 ஜோடித் துளைகள், பதினோராம் வகுப்பு விலங்கியல் புத்தகத்திலேயே பார்க்கலாம்.) தண்ணீரில் விழுந்ததும் இந்த வழி அடைபட்டு, ஆக்சிஜன் குறைந்து, ஈ மயங்கிவிடும். உப்பு ஈரத்தை உறிஞ்சுகிறது, அவ்வளவுதான். வெறும் டிஷ்யூ பேப்பரில் போட்டாலும் எழும். ரொம்ப நேரம் மூழ்கியது மூட்டை உப்புக்கும் எழாது.

மனிதர் விஷயம்தான் ஆபத்து. 2022இல் கர்நாடகத்தின் பல்லாரிப் பக்கம், மூழ்கி இறந்த சிறுவனை இப்படி ஒரு பதிவை நம்பி மணிக்கணக்கில் உப்பில் புதைத்து வைத்தார்கள். நமக்கு நுரையீரல் இருக்கிறது; மூழ்கியவருக்கு உடனே செயற்கைச் சுவாசமும் நெஞ்சழுத்தமும் கொடுத்து 108-ஐ அழைக்க வேண்டும். தயவுசெய்து அந்த வீடியோவை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.