இரண்டே ஓட்டில் போனது
அமெரிக்காவில் தொழிலாளர், சுகாதாரம், கல்வி மூன்றுக்குமான நிதி மசோதா பெரும்பான்மை இருந்தாலே நிறைவேறிவிடும் என்று கட்டுரையில் சொல்லியிருக்கிறீர்கள். அது மட்டும் போதாது சார். 2007 நவம்பர் 13 அன்று அதிபர் புஷ் ராணுவ நிதி மசோதாவில் கையெழுத்துப் போட்டுவிட்டு, அதே நாளில் இந்தத் தொழிலாளர், சுகாதாரம், கல்வி மசோதாவைச் செலவு அதிகம் என்று நிராகரித்தார். அதிபர் நிராகரித்ததை மீறி நிறைவேற்ற மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும்; அதற்காக இரண்டு நாள் கழித்து பிரதிநிதிகள் சபையில் மறுபடி ஓட்டெடுப்பு. ஆதரவு 277, எதிர்ப்பு 141. மூன்றில் இரண்டு பங்குக்கு இரண்டே இரண்டு ஓட்டு குறைந்தது! ஏழைக் குழந்தைகளின் ஹெட் ஸ்டார்ட் வகுப்புகள், புற்றுநோய் ஆராய்ச்சி, அப்புறம் ஹீட்டர் பில் கட்ட முடியாதவர்களுக்கான உதவி எல்லாம் அதில்தான் இருந்தன. அந்தக் குளிர்காலம் நான் அங்கே இருந்தேன், கீழ்வீட்டுப் பாட்டி பில்லுக்குப் பயந்து வீட்டுக்குள்ளேயே கோட்டும் கையுறையுமாக உட்கார்ந்திருப்பார். அடுத்த முறை யார் யார் எப்படி ஓட்டுப் போட்டார்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.