ஐஎஸ்ஓ 100-ஐத் தாண்டினால் படம் பாழா?

"வெளியில் குழந்தைகளைப் படமெடுக்கும்போது ஐஎஸ்ஓ 100-ஐத் தாண்டாதீர்கள், தாண்டினால் புள்ளி புள்ளியாக நாய்ஸ் வந்துவிடும்" என்று கேமராவின் ஐஎஸ்ஓ அமைப்பு பற்றி ஓர் அறிவுரை சுற்றிக்கொண்டிருக்கிறது. இது பாதிதான் சரி.

நாய்ஸுக்கு முக்கியக் காரணம், கேமராவுக்குள் படத்தைப் பதியும் சென்சாருக்கு வந்து சேரும் வெளிச்சம் போதாமல் போவதுதான். நான்கு மடங்கு வெளிச்சம் கிடைத்தால் படம் ஏறக்குறைய இரண்டு மடங்கு சுத்தமாக இருக்கும். ஐஎஸ்ஓ என்பது கிடைத்த வெளிச்சத்தைப் பெருக்கிக் காட்டுவது, அவ்வளவே. ஐஎஸ்ஓ 100-லேயே இருட்டாக எடுத்துவிட்டு, அப்புறம் கணினியில் வெளிச்சம் கூட்டினால் அதே நாய்ஸ் வெளியே வரும். சில கேமராக்களில் இன்னும் மோசமாகவே வரும்.

ஓடியாடும் பிள்ளைக்கு ஷட்டர் வேகம் (ஒரு படத்துக்கு ஷட்டர் திறந்திருக்கும் நேரம்; அது குறையக் குறைய வேகம் அதிகம்) குறைந்தது 1/500 நொடியாவது வேண்டும். நல்ல வெயிலில் எஃப்/4 (லென்ஸ் திறப்பின் அளவு; எண் சிறிதானால் திறப்பு பெரிது), ஐஎஸ்ஓ 100 வைத்தால் 1/1600 தாராளமாகக் கிடைக்கும். மர நிழலுக்குள் ஓடிவிட்டால் அதே அமைப்பில் 1/200 அளவுதான். கையும் காலும் கலங்கிவிடும். அங்கே ஐஎஸ்ஓ 400 வைத்தால் 1/800 வந்துவிடும். பொழுது சாயும் நேரத்தில் ஐஎஸ்ஓ 1600 வரை போனாலும் நான் கவலைப்படுவதில்லை. நாய்ஸை மென்பொருளில் ஓரளவு குறைக்கலாம், கலங்கிய முகத்தை அப்படி மீட்க முடியாது.

சரி, ஒவ்வொரு முறையும் யார் மாற்றிக்கொண்டிருப்பது? கேமராவே ஐஎஸ்ஓவை மாற்றிக்கொள்ளும் ஆட்டோ ஐஎஸ்ஓவில் குறைந்தபட்ச ஷட்டர் வேகத்தை 1/500 என்று வைத்துவிடுங்கள். லென்ஸை முடிந்தவரை திறந்து வையுங்கள். முகம் இருட்டாகத் தெரிந்தால் எக்ஸ்போஷரை, அதாவது படத்தின் வெளிச்ச அளவை, கொஞ்சம் கூட்டுங்கள்.