காரிமங்கலத்தில் கதையை முடித்துவிட்டார்

தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரிக்கு தினமும் பஸ்ஸில் வேலைக்குப் போகிறவன் நான். போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். மாங்காய் சீசனில் லாரிகளுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் அதற்குக் கணக்கே கிடையாது. அந்த ஜன்னலோர சீட்டில்தான் நாலு வருஷமாக ஒரே தொடரைப் படித்துக்கொண்டிருந்தேன். 'த வீல் ஆஃப் டைம்' என்கிற ஆங்கில மாயாஜால நாவல் தொடர். மொத்தம் 14 பாகம். பாதியை பெங்களூர் சர்ச் ஸ்ட்ரீட் பழைய புத்தகக் கடைகளில் தேடிப் பிடித்தேன். எட்டாம் பாகம் கிடைக்காமல் ஐந்து மாதம் காத்திருந்தபோது, ஒன்பதாம் பாகம் வீட்டு அலமாரியிலேயே இருந்தது. தொடவில்லை. அவ்வளவு யோக்கியன்.

அப்படிப்பட்டவனுக்கு, கடைசி பாகத்தில் 260 பக்கம் மிச்சம் இருக்கும்போது, காரிமங்கலம் ஸ்டாப்பில் வைத்து ஒரு மனிதர் முடிவைச் சொல்லிவிட்டார்.

ஆபீசில் எனக்கு சீனியர், அதே பஸ், பக்கத்து சீட்டு. "தம்பி, இன்னும் அதே புத்தகமா? நேத்து ராத்திரி யூடியூப்ல போட்டுப் பாத்தேன். பன்னண்டே நிமிஷம், மொத்தக் கதையும் சொல்லிட்டான். கடைசியில அந்தப் பையன்..." என்று ஆரம்பித்து, நான் "அண்ணா, அண்ணா" என்று கையெடுத்துக் கும்பிடுவதற்குள் சொல்லி முடித்தேவிட்டார். ஜன்னலுக்கு வெளியே கொய்யாப்பழம் விற்கிற அம்மா கூவிக்கொண்டிருந்தார். கண்டக்டர் விசில் வேறு. இத்தனை சத்தத்தில் அந்த ஒரு வரி காதில் விழாமல் போயிருக்கக் கூடாதா? கணீரென்று விழுந்தது.

முகம் சுருங்கியதைப் பார்த்து அவர் சொன்னதுதான் வயிற்றெரிச்சல். "கதைதானே தம்பி. உனக்கு நேரத்த மிச்சம் பண்ணிக் குடுத்தேன்."

நேரத்தை மிச்சம்! அந்தக் கதை முடிய எவ்வளவு நேரம் ஆனது தெரியுமா இவருக்கு? முதல் பாகம் வந்தது 1990-ல். எழுதிய ராபர்ட் ஜோர்டன், கதை முடியாமலேயே 2007-ல் இறந்துபோனார். நோயோடு இருந்தபோதும், இன்னொருவர் எடுத்து முடிக்கும்படி குறிப்புகளைச் சொல்லி வைத்துவிட்டுப் போனார். கடைசிக் காட்சியை அவரே எழுதியும் வைத்திருந்தார். அவருடைய மனைவி ஹாரியட்தான் அவருடைய எடிட்டரும். அந்த அம்மா பிராண்டன் சாண்டர்சனைத் தேர்ந்தெடுத்து வேலையை ஒப்படைத்தார். ஒரே புத்தகத்தில் முடிய வேண்டியது மூன்றாக நீண்டு, 2013 ஜனவரியில்தான் முற்றும் போட்டார்கள். 23 வருஷம். அதற்கு இந்த அண்ணன் கொடுத்தது பன்னிரண்டு நிமிஷம், அதுவும் நடுவில் வந்த விளம்பரத்தோடு சேர்த்து.

இத்தனைக்கும் இந்த மாதிரி பெரிய தொடர்களில் உருப்படியான முடிவு கிடைப்பதே அபூர்வம். 2011-ல் ஐந்தாம் பாகத்தோடு நின்ற ஒரு தொடருக்காக என் நண்பன் கல்யாணத்துக்கு முன்னாலிருந்து காத்துக்கிடக்கிறான், அவன் பையன் இப்போது நாலாவது படிக்கிறான். எனக்கோ முழுசாக முடிந்த கதை கையில் இருந்தது. கடைசிப் போர் மட்டும் ஒரே அத்தியாயம், கிட்டத்தட்ட 200 பக்கம். நான் சரியாக அதற்குள்தான் நின்றுகொண்டிருந்தேன். பதிமூன்று பாகமாகக் கூடவே வந்தவர்கள் ஒவ்வொருவராக விழுகிற இடம். பஸ் குலுங்குவதே தெரியாது.

மறுநாள் சமாதானத்துக்கு வந்தார். வந்தவர் சும்மா இருக்கவில்லை. "நம்மூர்ல பாரதம் நடக்குது. துரியோதனன் சாவான்னு தெரியாமலா எல்லாரும் போறாங்க?"

இதற்கு அன்றைக்கு எனக்கு வாய் வரவில்லை. இப்போது சொல்கிறேன். அண்ணா, எங்கள் அம்மாவின் ஊரில் மகாபாரதக் கதையை நடத்துகிற இந்தப் பாரதத் திருவிழா பதினெட்டு நாள். பகலெல்லாம் ஆர்மோனியம் வைத்துப் பிரசங்கம், ராத்திரி விடிய விடிய கூத்து. அர்ச்சுனன் தபசு மரத்தில் ஏறும்போது கீழே குழந்தை வரம் கேட்டு ஈரப்புடவையோடு பெண்கள் நிற்பார்கள். பதினெட்டு நாள் தூக்கம் கெட்டு, தூசியில் உட்கார்ந்து, துகில் உரிந்த அன்றைக்கு வாயில் முந்தானையைப் பொத்திக்கொண்டு அழுதவர்கள்தான் துரியோதனன் சாகிற படுகளத்தன்று வருகிறார்கள். மண்ணில் மல்லாந்து கிடக்கிற அந்தப் பெரிய துரியோதனன் சிலையின் தொடையில் பீமன் அடிக்கும்போது, திரௌபதி கூந்தலை முடியும்போது, அந்தக் கூட்டத்திலிருந்து ஒரு சத்தம் எழும்பும் பாருங்கள், அது முடிவு தெரிந்ததால் வருகிற சத்தமா? அந்தப் பதினெட்டு நாளும் சேர்ந்து போடுகிற சத்தம். முதல் நாள் கொடியேற்றத்தின்போது யாராவது மைக்கைப் பிடித்து "கடைசியில தொடையில அடிபட்டுச் செத்துடுவான், எல்லாரும் வீட்டுக்குப் போங்க" என்று சொல்லிப் பார்க்கட்டும். படுகளத்துக்குக் கொண்டுவருகிற துடைப்பம் முதல் நாளே வெளியே வரும்.

சரி, ஒரு வழியாக மிச்சத்தையும் படித்தேன். எப்படிப் படித்தேன்? அந்தப் பையன் ஒவ்வொரு முறை வாய் திறந்தபோதும் அண்ணன் சொன்ன வரிதான் மண்டையில் ஓடியது. சிரிக்க வேண்டிய இடத்தில் இழவு வீட்டில் உட்கார்ந்திருப்பதுபோல உட்கார்ந்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வீட்டில் எல்லாரும் தூங்கிக்கொண்டிருக்க, கடைசிப் பக்கத்தை மூடினேன். என்ன முடிவு தெரியுமா! மனசு நிறைந்துபோய் கொஞ்ச நேரம் எழுந்திருக்கவே இல்லை. அப்புறம்தான் உறைத்தது, அண்ணன் சொன்னதில் பாதி தப்பு. அந்த வீடியோக்காரனும் புத்தகத்தைப் படித்திருக்கவில்லை போல. எந்தப் பாதி தப்பு என்று நான் சொல்ல மாட்டேன், கேட்காதீர்கள். ஒரு அரைகுறை வதந்திக்காக 260 பக்கத்தைத் துக்கம் காத்தே ஓட்டியிருக்கிறேன்.

திங்கட்கிழமை பஸ் ஏறியதும் முதல் கேள்வி: "என்ன தம்பி, நான் சொன்ன மாதிரிதானே?"

இப்போது வேறொரு தொடர் தொடங்கியிருக்கிறேன். பத்து பாகம். பழைய காலண்டர் தாளில் அட்டை போட்டுத்தான் பையில் வைத்திருக்கிறேன். என்ன புத்தகம் என்று கேட்டார். குரூப் டூ கைடு என்றேன். அன்றிலிருந்து தினமும் காவேரிப்பட்டணம் தாண்டும் வரைக்கும் எனக்கு நடப்பு நிகழ்வுகள் சொல்லிக் கொடுக்கிறார்.