விதிப்புத்தகம் யார் கையில்?

1975-இல் வந்த 'ரோலர்பால்' என்ற ஆங்கிலப் படத்தைப் பற்றிப் பேச்செடுத்தாலே எல்லோரும் அடிதடியைத்தான் சொல்கிறார்கள். சரி, அடிதடி இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. படத்தில் வரும் ஆட்டத்தின் பேரும் ரோலர்பால்தான். வட்டமான, சரிவான தளம். ஸ்கேட் கட்டியவர்கள் சிலர், பைக்கில் சிலர். தளத்தின் விளிம்பில் பீரங்கிக் குண்டு மாதிரி ஒரு இரும்புப் பந்து சீறி வரும். அதைப் பிடித்து, பைக்கைப் பற்றிக்கொண்டு வேகமெடுத்து, முள் பதித்த கையுறைகளோடு வருகிறவர்களைத் தாண்டி, கோலில் அறைய வேண்டும். என்னைக் கேட்டால், படத்தில் நிஜமாகவே பயமுறுத்துகிற இடம் அந்தத் தளத்தில் இல்லை. அடுத்த ஆட்டத்துக்கு விதி மாறிவிட்டது என்று சொல்கிறார்களே, அங்கே இருக்கிறது.

(படம் வந்து 50 வருஷம் ஆகிவிட்டது. ஸ்பாய்லர் என்று யாரும் சண்டைக்கு வராதீர்கள்.)

கதை நடப்பது 2018-இல். நாடுகள் இல்லை, கம்பெனிகள்தான் உலகத்தை ஆள்கின்றன. ஹூஸ்டன் அணி எனர்ஜி கார்ப்பரேஷனுடையது. அதன் நட்சத்திரம் ஜொனாதன் (நடிகர் ஜேம்ஸ் கான்) வருஷக்கணக்காகச் சாகாமல் ஆடுகிறான். அவன் செய்த குற்றம் அதுதான். தனி மனிதன் எவ்வளவு முயன்றாலும் ஒன்றும் ஆகாது என்று ஜனங்களுக்குக் காட்டத்தான் அந்த ஆட்டத்தையே உருவாக்கினார்கள். இவனோ ஜெயித்துக்கொண்டே இருக்கிறான், கூட்டம் இவன் பேரைச் சொல்லிக் கத்துகிறது. சேர்மன் பார்த்தலோமியோ, குரலை உயர்த்தாமல், ஓய்வு பெறச் சொல்கிறார். மாட்டேன் என்கிறான். டோக்கியோ அணியுடன் ஆடும் ஆட்டத்துக்குப் பெனால்டியை, அதாவது தப்பாக ஆடினால் தரும் தண்டனையை, எடுத்துவிடுகிறார்கள், மாற்று வீரர்களையும் குறைக்கிறார்கள். அதிலும் பிழைத்துவிட்டானா? நியூயார்க்குடன் இறுதி ஆட்டம்: பெனால்டி இல்லை, மாற்று வீரர் இல்லை, நேரக் கணக்கும் இல்லை. யாரும் அவனைச் சுடவில்லை, ஜெயிலில் போடவில்லை. விதியில் ரெண்டு வரி அடித்தார்கள், அவ்வளவுதான்.

அந்த டோக்கியோ ஆட்டத்தில்தான் அவன் நண்பன் மூன்பை மூளை செத்துப் படுக்கையில் விழுகிறான். செயற்கையாக ஓடும் உயிரை நிறுத்த ஜொனாதனின் கையெழுத்து வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் கேட்கிறார்கள். ஆட்டத்தில் கொல்ல எந்த ஃபாரமும் வேண்டியதில்லை, ஆஸ்பத்திரியில் மட்டும் முறைப்படி நடக்க வேண்டும்! அவன் கையெழுத்துப் போட மறுக்கிறான்.

நிஜ உலகத்தில் கதை தலைகீழாகவும் நடந்திருக்கிறது. 1905-இல் அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் (நம்ம கால்பந்து இல்லை, பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு முட்டி மோதி ஓடும் ஆட்டம்) பையன்கள் செத்து விழுந்தபோது, அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன் ஆட்களை வெள்ளை மாளிகைக்கு வரவழைத்துப் பேசினார். மறுவருஷமே பந்தை முன்னோக்கி எறியலாம் என்று விதி வந்தது. எல்லோரும் ஒரே குவியலாக முட்டி மோதுவது குறையட்டும் என்றுதான். ரத்தம் பார்த்தவர்கள் விதியை இறுக்கினார்கள். படத்தில் ரத்தம் போதவில்லை என்று விதியைத் தளர்த்துகிறார்கள்.

2002-இல் வந்த ரீமேக் கோட்டை விட்டது இங்கேதான். அதில் முதலாளிக்கு டிவி ரேட்டிங் ஏற வேண்டும், அதற்காக ரத்தம். நம்ம ஊர் சேனல்காரருக்கும் அந்த ஆசை உண்டே! பழைய படத்தின் முதலாளிகளுக்குக் காசு ஒரு பொருட்டே இல்லை, தனி மனிதன் ஜெயிக்கக் கூடாது என்பதுதான்.

நண்பர்கள் சிலர் நடுவில் வரும் பார்ட்டிக் காட்சிகளை ஓட்டிவிட்டுப் பார்க்கச் சொல்கிறார்கள். தயவுசெய்து ஓட்டாதீர்கள். ராத்திரி முழுக்கக் குடித்துக் கூத்தடித்த பெரிய மனிதர்கள் விடியற்காலையில் ஒரு துப்பாக்கியோடு வெளியே போகிறார்கள். சுட்டதும் மரங்கள் ஒவ்வொன்றாகப் பற்றி எரிகின்றன, அவர்கள் சிரிக்கிறார்கள். எந்தக் காரணமும் இல்லை. விதியைத் திருத்தியவர்கள் இந்த வகை ஆட்கள்தான் என்பது அங்கே புரியாவிட்டால், கடைசி ஆட்டம் வெறும் ஸ்டண்ட் காட்சியாகப் போய்விடும்.